போகப்போற வீட்டுக்கு எதுக்கு மேசை?

சண்டை ஒரு மேசைக்காகத்தான் ஆரம்பித்தது.

“ஒரு மேசை, நாலு நாற்காலி. வேற ஒண்ணும் கேக்கலங்க.”

“ரெண்டு வருஷத்துல போகப்போற வீட்டுக்கு எதுக்கு மேசை?”

இரண்டாவது வரி என்னுடையது. சொன்னபோது அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. அந்த வரி எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று யோசிக்கப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கோப்பெங்கிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கு வந்து அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. கோப்பெங்கிலிருந்து இப்படிக் கிளம்பியதில் நான் முதல் ஆள் இல்லை. 1879இல் எங்கள் ஊரில் ஈயக் கூலிகளுக்கு மருந்து விற்கத் தொடங்கிய யூ யான் சாங் கடைக்கே இன்று சிங்கப்பூர்தான் தலைமையிடம். எனக்குக் கிடைத்தது செமிகண்டக்டர் தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. இரண்டு வருட வாடகை ஒப்பந்தத்தில் ஒரு மூவறை வீவக வீடு. வீட்டுக்காரர் கொடுத்தது ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஒரு அலமாரி. எங்களுடையது தரையில் இரண்டு மெத்தை, ஒரு சோற்றுப் பானை, மாமனார் காரில் ஏற்றி வந்த நான்கு பெட்டி, மகளின் மூன்று சக்கர சைக்கிள். பழைய பேப்பரை விரித்துத் தரையில் சாப்பிட்டோம். சன்னலுக்குத் திரை இல்லை. ஒரு பெட்லாத்துணியைக் கட்டியிருந்தோம்.

சிங்கப்பூரில் எந்த விலையைப் பார்த்தாலும் என் மூளை தானாக மூன்றால் பெருக்கும். 180 வெள்ளி மேசை, நம்ம காசுக்கு 540க்கு மேல். கோப்பெங்கில் என்றாவது கட்டப்போகிற வீட்டுக்கு அது இருபது மூட்டை சிமெண்ட். இப்படி ஒவ்வொரு பொருளும் என் கண்ணில் சிமெண்டாகவே தெரிந்தது. மேசை வாங்கினால் ஒரு சுவர் குறைகிறது, திரை வாங்கினால் ஒரு சன்னல் குறைகிறது.

இதைக் கஞ்சத்தனம் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஏனென்றால் என்னிடம் இதற்கு ஒரு தத்துவமே இருந்தது. நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் நான்கு வருடம் ஒரே ஒரு பையோடு ஹாஸ்டலில் இருந்தவன் நான். ‘வீடு’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘விடு’ இருக்கிறது, அறம் பொருள் இன்பத்துக்கு அப்புறம் வருகிற வீடு விடுதலைதான் என்று பல்கலைக்கழக மேடையில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அப்போது எனக்குச் சமைத்துப் போட்டது ஹாஸ்டல் கேண்டீன் என்பதைப் பேச்சில் சேர்க்கவில்லை.

பிறகு அடோர்னோ கிடைத்தார். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்தபோது அவர் எழுதிய குறிப்புகள் 1951இல் ‘மினிமா மொராலியா’ என்று புத்தகமாக வந்தன. அதில் வீடு பற்றி ஒரு பகுதி இருக்கிறது. இந்தக் காலத்தில் தன் வீட்டில்கூட முழுசாக ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் ஒழுக்கத்தின் ஒரு பகுதி என்ற மாதிரி அவர் சொல்வார். இது போதும் எனக்கு. உலகத்தில் எத்தனையோ பேர் கூரை இல்லாமல் கிடக்கும்போது நான் மேசை விரிப்புக்கு நிறம் தேடிக்கொண்டிருக்க மாட்டேன் என்று ஒரு பெருமை. வெறும் தரை எனக்கு ஒரு கொள்கை அறிக்கை மாதிரி தெரிந்தது.

ஆனால் அந்தக் கொள்கைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது நான் இல்லை.

குடும்பத்தை இங்கே கூட்டி வர டிபெண்டன்ட் பாஸ் வேண்டும். எனக்கு மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். 2021 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பாஸில் இருப்பவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் பொதுவாகத் தனக்கென்று தனியாக ஒரு வேலைப் பாஸ் எடுக்க வேண்டும். என் மனைவி கோப்பெங்கில் பாலர் பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகள் “டீச்சர்” என்று கூப்பிட்டவளை இங்கே ஒரு அட்டை ‘சார்ந்திருப்பவர்’ என்கிறது. காலை ஏழு மணிக்கு நான் கிளம்பினால் இரவு ஏழுக்குத் திரும்புவேன். என் அலுவலக நாற்காலியில் ஐந்து இடத்தில் திருகலாம். முதுகுக்கு, கைக்கு, கழுத்துக்கு என்று தனித்தனி வசதி. பன்னிரண்டு மணி நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு வந்து, பற்றற்றவன் மாதிரி ஒரு மணி நேரம் தரையில் உட்காருவேன். அவள் அதே தரையில் காய் நறுக்கி, பிள்ளைக்கு ஊட்டி, துணி மடித்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். கொள்கை என்னுடையது, முதுகுவலி அவளுடையது.

மகளின் கணக்கு இன்னும் மோசம். ஒப்பந்தம் முடியும்போது எனக்கு 31 வயது. இந்த இரண்டு வருடம் என் ஆயுளில் பதினைந்தில் ஒரு பங்கு. தாங்கிக்கொள்ளலாம். அவள் வந்தபோது இரண்டரை வயது, முடியும்போது நாலரை. அவள் ஆயுளில் இது ஏறக்குறைய பாதி. எனக்கு ‘கொஞ்ச நாள்’ என்பது அவளுக்குக் குழந்தைப் பருவம். இரண்டு வருடம் கழித்து நான் கோப்பெங்கில் எவ்வளவு பெரிய வீடு கட்டினாலும், அவளுடைய மூன்று வயதை அதற்குள் கொண்டுபோய் வைக்க முடியாது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிய வைத்தது கோப்பெங்கிலிருந்து வந்த ஒரு வீடியோ கால்.

பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. அம்மா போனைப் பிடித்துக்கொள்ள, நான் அறை அறையாகக் காட்டினேன். பாட்டி முதலில் கேட்டது, “சாமி எங்கடா வச்சிருக்கீங்க?” அலமாரி மேல்தட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அடுத்துக் கேட்டார்:

“வந்தவங்க எங்கடா உக்காருவாங்க?”

“இங்க யாரு பாட்டி வரப்போறா?”

“உக்கார எடமில்லன்னா எவன் வருவான்?”

அவ்வளவுதான். பேச்சு பிறகு என் மகளின் சளிக்குப் போய்விட்டது. எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை. மேசை நாற்காலி என்றால் நான் எப்போதும் என் வசதி, என் பணம், என் பற்று, என் துறவு என்றே யோசித்திருந்தேன். நாலு பேர் வீட்டில் நாலாவது நாற்காலி வேண்டுமானால் நமக்கு. மூன்று பேர் வீட்டில் நாலாவது நாற்காலி வருகிறவருக்கு. ஏழு வாரமாக எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை என்பதும், எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ஒருமுறை பலகாரத் தட்டோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தித் தட்டை வாங்கிக்கொண்டு அனுப்பினோம் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

இதைக் கேட்கப் பாட்டிக்குத் தகுதி இருக்கிறது. அவர் 1963இல் கல்யாணமாகி வந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு. 35 வருடம் அங்கே இருந்தார். அந்த 35 வருடமும் அது கம்பெனி வீடு. வேலை இருந்தால்தான் வீடு. தோட்டத்து வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966இல் ஒரு சட்டம் வந்தது, 1990இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. தரம் மாறியிருக்கலாம், வேலையோடு வீடு கட்டப்பட்டிருந்த முடிச்சு அவிழவில்லை. சுவரில் ஆணி அடித்தால் கிராணி கத்துவாராம். என் வாடகை ஒப்பந்தத்திலும் அதே வரி இருக்கிறது: அனுமதி இல்லாமல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அறுபது வருட இடைவெளியில் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே ஆணிதான் பிரச்சினை.

ஆனால் பாட்டி என்னை மாதிரி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சாமான் வந்த பலகைப் பெட்டிகளைச் சேர்த்து ஆணி அடிக்காமலே சாய்த்து நிறுத்தும் தட்டு செய்தார். வாசலில் ஒரு நீட்டு பெஞ்சு. பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும். பெரட்டுக்குப் போகும் முன்னால், விடியாத இருட்டில், கம்பெனி சிமெண்டுத் தரையில் தினமும் கோலம். அந்த பெஞ்சில்தான் பக்கத்து லயத்துக்காரர்கள் வந்து உட்காருவார்கள், அதில்தான் என் அம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

தாத்தா வேறு மாதிரி. அவருடைய மனசு முழுக்கத் தமிழ்நாட்டில் இருந்தது. “ஊருக்குப் போகப்போறோம்” என்பது அவருடைய பல்லவி. ஐம்பது அறுபதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க வேண்டும் என்று எங்கள் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி போட்டால் பங்கு. லயத்தில் சிலர் சேர்ந்தார்கள். தாத்தா சேரவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் சொன்ன காரணம் இதுதான்: “போகப்போறவனுக்கு எதுக்குப் பங்கு?”

என் வரி. சொல்லுக்குச் சொல் என் வரி.

தாத்தா போகவில்லை. அந்தத் தோட்டத்திலேயே செத்தார். 1998இல் தோட்டம் கைமாறியது. எனக்கு அப்போது இரண்டு வயது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பாட்டி எடுத்துக்கொண்டது விளக்கு, அம்மி, அந்த பெஞ்சு. கடைசி நாள் வீட்டைக் கழுவிவிட்டு, கோலமும் போட்டுவிட்டுத்தான் லோரியில் ஏறினாராம். “இடிக்கப்போற வீட்டை எதுக்கும்மா கழுவுற?” என்று அம்மா கேட்டதற்கு, “நாம குடியிருந்ததுல்ல” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ‘கொஞ்ச நாள்’ என்ற எண்ணம் அவராகக் கண்டுபிடித்தது இல்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த கங்காணி முறை 1938 வரை ஓடியது. திறன் சாராத தொழிலாளர்களைச் செலவு கொடுத்து இப்படி ஏற்றி வருவதை இந்திய அரசு அந்த வருடம்தான் தடுத்தது. இவ்வளவு காலமும் தோட்ட முதலாளிகளின் கணக்கில் தமிழன் திரும்பிப் போகிறவன். திரும்பிப் போகிறவனுக்கு நல்ல வீடு எதற்கு, பெரிய பள்ளி எதற்கு, நிலம் எதற்கு? 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்ததும் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப முடிந்ததும் அதனால்தான். ‘தற்காலிகம்’ என்பது காலத்தைக் குறிக்கும் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். அது கணக்குப் புத்தகத்துச் சொல். ஒருவரைத் தற்காலிகம் என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் தள்ளிப்போடலாம். எங்கே யாரைத் தற்காலிகம் என்று சொன்னாலும், அதனால் யாருக்குச் செலவு மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் வீட்டில் செலவு மிச்சம் எனக்கு. அதாவது, கம்பெனி என் பாட்டியிடம் போட்ட கணக்கை நான் என் மனைவியிடமும் மகளிடமும் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு படி மேலே போய் அதற்குத் துறவு என்று பெயரும் வைத்திருந்தேன்.

அடோர்னோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த வரியோடு நான் நிறுத்தியிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. பொருள்களை மதிக்காமல் அன்பில்லாமல் நடத்துவது கடைசியில் மனிதர்கள் மேலேயே திரும்பும் என்று அதே பகுதியில் எச்சரிக்கிறார். அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பிடித்தால் அதுவும் சொத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்குச் சாக்காகிவிடும் என்கிறார். இரண்டு பக்கமும் தப்பிக்க வழி விடாத ஆள். நான் பாதிப் பக்கத்தை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தேன்.

சரி, அப்படியானால் மேசை வாங்கிவிட்டால் முடிந்ததா? இங்கேதான் எனக்குச் சுலபமான பதில் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு இட்லிச் சட்டி வாங்கப் போயிருந்தேன். பக்கத்து கார்கோ கடையில் ஒரு அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். குளியலறைக் குழாய்கள், ஒரு சுவர்க் கடிகாரம், இரண்டு போர்வை. பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை, பதினோரு வருடம். ஊரில் மாடி வீடு கட்டி நாலு வருடம் ஆகிறது. போனில் படம் காட்டினார். சோபா, சாப்பாட்டு மேசை, கண்ணாடி அலமாரி எல்லாம் இருந்தன. சோபாவில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“எத்தன நாளுண்ணே அங்க படுத்திருப்பீங்க?”

விரல் விட்டு எண்ணினார். “ஒரு நாப்பது அம்பது ராத்திரி இருக்கும் தம்பி.”

“இங்க?”

“இங்க என்ன, ஒரு கட்டிலு. மேல்கட்டிலு.”

2020 கொரோனாவில் விடுதிகளுக்குள் தொற்று பரவிய பிறகு, புதிதாகக் கட்டப்படும் தொழிலாளர் விடுதிகளுக்கு 2021இல் புதுத் தரம் அறிவித்தார்கள். அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். வீட்டுக்கு வந்து பொறியாளர் புத்தியில் அளந்து பார்த்தேன். என் மனைவி கேட்ட மேசையும், இழுத்து உட்கார்ந்த நாலு நாற்காலியும் சேர்ந்தால் அதில் முக்கால்வாசி இடம் பிடிக்கும். வெறுமையாக வாழ்வதா வேண்டாமா என்று தத்துவம் பேச எனக்கு வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. நான் விரும்பிப் போட்டுக்கொண்ட வேஷத்தை அவர் விரும்பாமல் பதினோரு வருடமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். குடும்பத்தைக் கூட்டி வர அவருடைய பாஸில் வழியும் இல்லை. அவரைப் பார்த்து ‘இன்றைக்கு வாழுங்கள்’ என்று சொல்ல நான் யார்? அவருடைய உறை பிரிக்காத சோபாவில் ஊரில் அவர் மனைவியும் பிள்ளைகளும் வருகிறவர்களை உட்கார வைக்கிறார்கள். அதுவும் ஒரு நாலாவது நாற்காலிதான், வேறு தேசத்தில்.

ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துக் கெல்லி கோட்டை ஞாபகம் வந்தது. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் வழியில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மெட்ராஸிலிருந்து கைவேலைக்காரர்களை வரவழைத்துக் கட்டினார். மின்தூக்கிகூட வைக்கத் திட்டம். 1926இல் பயணம் போன இடத்தில், லிஸ்பனில், நிமோனியா வந்து இறந்துபோனார். மாளிகை முடியவே இல்லை. கட்டும்போது தொற்றுநோயில் வேலைக்காரர்கள் பலர் செத்தார்கள், அதனால் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உருவமும் உண்டு. மாளிகைக்கு இன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடிக்கலாம். கோயிலில் இன்னமும் விளக்கு எரிகிறது, ஆட்கள் வருகிறார்கள்.

சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலா போனபோது அதைப் பேய் வீடு என்று சொல்லிப் பயந்தோம். இப்போது அங்கே எனக்குப் பயம் தருவது வேறு. சிமெண்டு மூட்டையாகவே உலகத்தைப் பார்த்த ஒருவர் கட்டி, குடியேறாமல் போன வீடு அது. கோப்பெங்கில் நான் கட்டப்போகிற வீட்டின் பெரிய அண்ணன்.

பாட்டி குடியிருந்தார், சொந்தமில்லை. கெல்லி ஸ்மித்துக்குச் சொந்தம், குடியிருக்கவில்லை. புதுக்கோட்டை அண்ணனுக்கு உழைக்கிற இடம் ஒன்று, வீடு இன்னொன்று. இந்த மூன்றில் பாட்டிதான் நன்றாக வாழ்ந்தார் என்று சொல்லி முடித்தால் அழகாக இருக்கும், ஆனால் பொய். தாத்தா அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியிருந்தால் 1998இல் பாட்டிக்கு லோரிக்குப் பின்னால் கொஞ்சம் பணமாவது இருந்திருக்கும். கோலம் நிலப்பட்டா ஆகாது. உரிமை கேட்க வேண்டிய இடத்தில் ‘இருக்கிற இடத்தை வீடாக்கிக்கொள்’ என்று உபதேசம் பண்ணுவதும் கம்பெனிக்குத்தான் லாபம்.

அதனால் நான் வந்து சேர்ந்த இடம் சின்னது. எனக்குச் சேர வேண்டியதைக் கேட்கும்போது நான் எங்கேயும் தற்காலிகம் இல்லை. என்னைச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும்போதும் தற்காலிகம் இல்லை. என் கௌரவத்துக்காக வாங்கத் தோன்றும்போது மட்டும் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பொருள் வாங்கும் முன் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறோம். இது வீட்டில் யாருடைய நாளை லேசாக்கும்? போகும்போது யாருக்குக் கொடுப்போம்? இரண்டுக்கும் பதில் இருந்தால் வாங்குகிறோம். 55 இஞ்ச் டிவி இரண்டாவது கேள்வியில் பாஸ், முதலாவதில் ஃபெயில். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது, முதலில் கவனிக்கவில்லை. காலி செய்யும்போது வீட்டை வாங்கிய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும், இயல்பான தேய்மானம் நீங்கலாக. மனுசன் குடியிருந்தால் தரை தேயும், சுவர் அழுக்காகும் என்பதைச் சட்டக்காரர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தேயாமல் ஒப்படைக்கத் துடித்தது நான் ஒருவன்தான்.

மேசை வாங்கிவிட்டோம். இரண்டு புளோக் தள்ளி ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நாலு நாற்காலியோடு 60 வெள்ளி. தள்ளுவண்டியில் வைத்து நானும் மனைவியும் தள்ளிக்கொண்டு வந்தோம், மகள் ஒரு நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். எதிர்வீட்டு அம்மாவைத் தேநீருக்குக் கூப்பிட்டோம். அவருடைய தட்டு இரண்டு மாதமாக எங்களிடம்தான் இருந்தது. புதுக்கோட்டை அண்ணனிடம் நம்பர் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். “பாப்போம் தம்பி” என்றார். சாலைப் பக்கம் வேலை இருந்தால் ஞாயிறும் அவருக்கு ஞாயிறு இல்லை.

அன்று இரவு பாட்டிக்கு மேசையைக் காட்டினேன். என்னமோ பெரிய தத்துவம் கண்டுபிடித்தவன் மாதிரி கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“ஒரு காலு ஆடுது பாரு. அட்டைய மடிச்சு அடியில வையி.”

வைத்தேன். ஆட்டம் நின்றது.